மகள் என்று எழுதாத உத்தரவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவபிள்ளைகளுக்கு வரும் ஆசீர்வாதங்களைப் பற்றிப் போன ஞாயிறு உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. "தேவபிள்ளையின் வீட்டில் வியாதி தங்காது" என்று அதில் ஒரு வரி. புதன்கிழமை ஒரு வாசகர் அதற்குப் பதில் எழுதியிருந்தார். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்களே, அவர்களெல்லாம் யாருடைய பிள்ளைகள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் சண்டை போடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளை என்றால் சுகமாக இருந்தாக வேண்டும் என்பதில் இருவருக்குமே சந்தேகமில்லை. பிள்ளையானால் சுகம் கிடைக்கும் என்கிறார் ஒருவர். சுகம் கிடைக்கவில்லையே, அப்புறம் என்ன பிள்ளை என்கிறார் மற்றவர்.

நான் முப்பத்து மூன்று வருடம் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். இறையியல் படித்ததில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு சொல்: புத்திர சுவிகாரம், அதாவது தத்தெடுப்பு. அதோடு எங்கள் வீடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. 1992 ஜூலையில் ஒரு இல்லத்திலிருந்து எட்டு மாதப் பெண் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தத்து எடுக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். வக்கீலிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. தத்தெடுப்புக்கென்று இருந்த 1956-ஆம் வருடச் சட்டம் இந்துக்களுக்கானது. பௌத்தர், சமணர், சீக்கியர் அதற்குள் வருவார்கள். கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து 1890-ஆம் வருடச் சட்டத்தின்கீழ் 'பாதுகாவலர்' என்று வேண்டுமானால் உத்தரவு வாங்கலாம். அதுவும் குழந்தை மேஜராகும்வரை. அதன்பிறகு சட்டத்தின் கண்ணில் அவள் யாரோ, நாங்கள் யாரோ.

என் கணவர் தபால் இலாகாவில் எழுத்தர். காகிதத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிற ஜாதி. வக்கீல் ஆபீஸ் படி இறங்கும்போது, "ஞாயிற்றுக்கிழமை தோறும் புத்திர சுவிகாரம், புத்திர சுவிகாரம்னு வாசிக்கிறோமே, நமக்கே அது கிடையாதாமே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

வேதாகமத்தில், அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபமான ரோமரில், எட்டாம் அதிகாரத்தில் வருகிற சொல் அது. "அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திர சுவிகாரத்தின் ஆவி" என்று எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. (சுவீகாரம் என்று நெடிலாக வர வேண்டும். வேதத்தில் நான் சிவப்பு மை போடப் போவதில்லை.) கத்தோலிக்கத் தோழி ஒருத்தி வைத்திருக்கும் திருவிவிலியத்தில் இந்த இடத்தில் பிள்ளைகளுக்குரிய மனப்பான்மை என்று எளிமையாகப் போட்டிருக்கிறார்கள். புரிகிறது, ஆனால் கோர்ட் வாசனை போய்விட்டது. பவுல் எழுதியதில் அந்த வாசனை உண்டு. கி.பி. 57 வாக்கில் கொரிந்துவிலிருந்து ரோமாபுரியில் இருப்பவர்களுக்கு எழுதுகிறார். அங்கே சுவிகாரம் என்றால் என்னவென்று தெருவில் போகிறவனுக்கும் தெரியும். தத்து போனவனுக்குப் பழைய கடன் கிடையாது, புதுத் தகப்பனின் பெயர் உண்டு, சொத்தில் முழுப் பங்கு உண்டு. அப்போது சிம்மாசனத்தில் இருந்த நீரோவே தத்துப்பிள்ளைதான். முந்தைய இராயன் கிளாடியஸ் 50-இல் அவனைச் சுவிகாரம் எடுத்தார், 54-இல் அவன் பட்டத்துக்கு வந்தான். அந்த ஊரில் அடிமைகளும் இருந்த சபைக்கு, நீங்கள் சுவிகாரப் பிள்ளைகள், சுதந்தரவாளிகள் (சொத்துக்கு வாரிசுகள்) என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றையும் தமிழாசிரியையாகக் கவனித்தேன். 'புத்திரர்' என்று ஆரம்பிக்கிறவர் இரண்டு வசனம் தள்ளிப் 'பிள்ளைகள்' என்று மாற்றிவிடுகிறார். ரோமாபுரி வழக்கத்தில் தத்து எடுப்பது ஆண்வாரிசுக்காகத்தான், அதனால் அந்தச் சொல்லில் தொடங்குகிறார். பிறகு எல்லாரும் உட்காருவதற்கு இடம் போட்டுவிடுகிறார். எங்கள் பக்கம் "ஏ பிள்ளே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது பெண்பிள்ளைதான்.

எங்கள் பிள்ளைக்குப் பதினொரு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். நாங்கள் மறைத்து வைத்த விஷயமில்லை, ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. சாயங்காலம் வந்து பையைக்கூடக் கழற்றாமல், "அந்தப் பேப்பரைக் காட்டுங்க" என்றாள். இவர் பீரோவைத் திறந்து கோர்ட் உத்தரவை எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். மைனர், கார்டியன், வெல்ஃபேர் என்று விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனாள். கடைசிக் கையெழுத்துவரை போய்விட்டு, "இதுல மகள்னு ஒரு இடத்துலயும் இல்லையே" என்றாள்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இவர் அடுப்படிக்குப் போனார். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் சொருகியிருந்த ரேஷன் கார்டை எடுத்து வந்தார். மண்ணெண்ணெய்க் கறை பட்ட அட்டை. மூன்றாவது பெயர் அவளுடையது. உறவுமுறை என்ற கட்டத்தில் வட்ட வழங்கல் அலுவலகத்துக்காரர் யாரோ நீல மையில் 'மகள்' என்று எழுதியிருந்தார். "மாசாமாசம் உனக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுறாங்க" என்றார். அவள் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவு அன்றைக்கே திறந்துவிட்டது என்று சாட்சி சொல்லலாம், கூட்டங்களில் நன்றாக எடுபடும். நடந்தது வேறு. இரண்டு வருடம் போல எங்களைச் சோதித்துப் பார்த்தாள். வேண்டுமென்றே மார்க் குறைப்பாள், தட்டைத் தள்ளிவிடுவாள், "நான் உங்க பிள்ளைன்னா இப்படித் திட்டுவீங்களா" என்பாள். திட்டாமல் இருந்தால் "உங்க பிள்ளைன்னா திட்டிருப்பீங்கள்ல" என்பாள். பதில் சொல்லிச் சொல்லி நான் அலுத்துப்போனேன். அப்புறம் ஒரு டைபாய்டு காய்ச்சல். மூன்றாம் நாள் ராத்திரி சூடு ஏறி என்னென்னவோ பிதற்றினாள். நடுவில் தெளிவாக ஒரே ஒரு சத்தம்: "அப்பா." ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த இவர் அப்படியே நின்றுவிட்டார். நினைவோடு இருக்கும்போது அந்த வார்த்தையை அவள் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது.

ரோமர் எட்டில் அந்த வசனம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரத்துணிதான் ஞாபகம் வரும். பவுல் 'சொல்லப்பண்ணுகிற' ஆவி என்று எழுதவில்லை, 'கூப்பிடப்பண்ணுகிற' என்று எழுதுகிறார். உறுதி என்பதை நாம் நெஞ்சில் கைவைத்துச் செய்கிற பிரகடனமாக நினைத்துக்கொள்கிறோம். எனக்கென்னவோ அது காய்ச்சல் பிதற்றலுக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. தன்னை அறியாமல் யாரைக் கூப்பிடுகிறோமோ, அங்கே இருக்கிறது.

இயேசு பேசிய அரமேயத்திலும் அப்பாவுக்கு 'அப்பா' என்றே ஒலிப்பது தமிழர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். மற்றப் பல மொழிக்காரர்களுக்குக் குறிப்பு எழுதி விளக்க வேண்டியிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் மூன்றே இடத்தில் வருகிறது. இரண்டு பவுலின் நிருபங்களில். சுவிசேஷங்களில் ஒரே ஒரு இடம், மாற்கு பதினாலில். கானாவூர்க் கல்யாண வீட்டில் இல்லை, ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது இல்லை. கெத்செமனே தோட்டத்தில், சிலுவைக்கு முந்தின இராத்திரியில், இயேசு தரையில் விழுந்து, இந்தத் துன்பப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கெஞ்சும்போது. பாத்திரம் எடுக்கப்படவும் இல்லை. தேவபிள்ளையின் வீட்டில் வியாதி தங்காது என்று எழுதியவர் அந்தத் தோட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார் என்று தெரியவில்லை.

2016-இல் என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் இரத்தக்குழாய் இரண்டை ஒட்டவைத்துப் 'பிஸ்டுலா' போட்டார்கள். அதன்மேல் விரல் வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது இருந்தால் குழாய் வேலை செய்கிறது என்று அர்த்தம். காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பது என் வேலையாயிற்று. ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள் இருக்க வேண்டும், பாளையங்கோட்டை வெயிலில். இளநீர் கூடாது, பதநீர் கூடாது. சித்திரை மாதம் சைக்கிளில் பதநீர்க்காரர் குரல் கொடுத்துக்கொண்டு போவார். இவர் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான்கு மாதம் கோவிலுக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் பரிசுத்தவான் இல்லை, தாகமாக இருந்த மனிதர்.

ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் வருவது பிள்ளைதான். வேலையில் அதற்குத் தோதாக ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டாள்.

அந்த நாளில் ஒருவர் ஜெபிக்க வந்தார். பெயர் வேண்டாம். எண்ணெய்க் குப்பியெல்லாம் கொண்டுவந்திருந்தார். ஜெபித்து முடித்துவிட்டு, தேவபிள்ளைக்கு இப்படி வியாதி வந்து தங்கினால் வீட்டில் எங்கோ சாபம் இருக்கிறது, இரத்த சம்பந்தமில்லாத பிள்ளையை உள்ளே எடுத்ததில் வந்திருக்கலாம், அதை அறிக்கையிட்டு விலக்க வேண்டும் என்றார். அவள் அடுப்படி வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்தாள். என் கணவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "டீ ஆறிடும், குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். அவ்வளவுதான். வந்தவர் போனபிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, நாளைக்கு லீவு போடு, ஒரு வேலை இருக்கு என்றார்.

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் உயில் எழுதிப் பதிவு செய்தார். அதற்கு அவசியம் இருந்தது. 1925-ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளை இல்லாத கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி அவருடைய இரத்த உறவுகளுக்கு. எங்கள் பெரிய அத்தான் இதை ஒரு கல்யாணப் பந்தியில் வைத்து மெதுவாக ஞாபகப்படுத்தியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, சட்டம் தெரிந்த மனிதர். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் இவருடைய பழைய போஸ்ட்மாஸ்டரும் கையெழுத்துப் போட்டார்கள். பவுலும் இரண்டு சாட்சியைக் காட்டுகிறார் என்று வெளியே வந்ததும் இவர் சொன்னார்: நாம் பிள்ளைகள் என்று ஆவியானவர் "நம்முடைய ஆவியுடனேகூடச் சாட்சிகொடுக்கிறார்". நம்முடைய சாட்சி ஒன்று, அவருடையது ஒன்று. "என் கையெழுத்து சில நாள் கோணிப்போகுது, அவர் கையெழுத்து சரியாத்தான் இருக்கும்" என்றார். நான்கு மாதம் கோவிலுக்கு வராத மனிதர் சொன்னது இது.

கட்டுரை எழுதியவர் ஒருவேளை அடுத்த வசனத்தை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம். பிள்ளைகளானால் சுதந்தரர், கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர் என்று வருகிறது. அங்கேயே நிறுத்திவிட்டால் ஆசீர்வாதக் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். வசனம் நிற்கவில்லை. "அவருடனேகூடப் பாடுபட்டால்", அதாவது துன்பப்பட்டால், என்று போகிறது. சொத்துப் பத்திரத்தில் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு விற்கிற வேலையை எங்கள் ஊரில் மோசடி என்போம்.

பாடு எதற்கு என்று பவுல் காரணம் சொல்கிறாரா? என் கண்ணில் படவில்லை. சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், ஜெபிக்கத் தெரியாத நம்மோடு ஆவியானவரும் பெருமூச்சு விடுகிறார் என்கிறார். காரணம் கேட்ட வீட்டில் வந்து உட்கார்ந்து தானும் பெருமூச்சு விடுவது பதிலாகுமா என்று புதன்கிழமை எழுதிய வாசகர் கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் துஷ்டி வீட்டில் காரணம் சொன்னவர்கள் யாரும் என் நினைவில் இல்லை. வந்து பாயில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஜில்லாவில் டோனாவூர் இருக்கிறது. எமி கார்மைக்கேல் என்ற மிஷனரி அம்மையார் 1901-இல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்த இடம். அவருக்கு மணமாகவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். 1931-இல் குழியில் விழுந்து அடிபட்டு, 1951 ஜனவரியில் இறக்கும்வரை அநேகமாகப் படுக்கையிலேயே இருந்தார். ஏறத்தாழ இருபது வருடம். அவர் வீட்டில் வியாதி தங்கியது. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை மட்டும் பொறித்தார்கள். பிள்ளைகள் சொல்லித்தான் அவர் தாய். எந்தச் சாபத்தை விலக்கச் சொல்லி யார் அவரிடம் எண்ணெய்க் குப்பியோடு போயிருப்பார்கள்?

2019 பிப்ரவரியில் என் கணவர் போய்விட்டார். விடியற்காலை. பழக்கத்தில் என் விரல் முதலில் இடது கைக்குத்தான் போயிற்று. உறுமல் இல்லை. அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போடுவேன், மூச்சுதான் வரும். மாதர் சங்கத்தில் கேட்டால், ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பொய் சொல்வேன்.

அந்த நாட்களில்தான் எட்டாம் அதிகாரத்தின் இருபத்து மூன்றாம் வசனத்தை ஒழுங்காக வாசித்தேன். எத்தனையோ தரம் கேட்ட வசனம். பதினைந்தாம் வசனத்தில் சுவிகாரத்தைப் பெற்றுவிட்டோம் என்றவர், இருபத்து மூன்றில் "சரீர மீட்பாகிய புத்திரசுவிகாரம் வருகிறதற்குக் காத்திருந்து" தவிக்கிறோம் என்கிறார். பெற்றாயிற்று, இன்னும் வரவில்லை. மாணவி எழுதியிருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் இதுதானே நடந்தது? 1992-இல் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து அவள் எங்கள் மகள். சட்டம் வருவதற்குக் காத்திருந்தோம். சிறார் நீதிச் சட்டத்தில் 2006-இல் செய்த திருத்தத்தால் மதம் எதுவானாலும் தத்தெடுக்க வழி பிறந்திருக்கிறது. எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்ப்பாகச் சொன்ன செய்தியைப் பத்திரிகையில் பார்த்தபோது அவளுக்கு இருபத்திரண்டு. கடைசிவரை எந்தக் கோர்ட்டும் அவளை எங்கள் மகள் என்று எழுதவில்லை. அதனால் அவள் ஒரு நாளும் மகளாக இல்லாமல் போகவில்லை. எழுத்து வராத குறை மட்டும் இருந்தது, அது உண்மையான குறையும்தான்.

வரவேண்டியது எது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது: சரீர மீட்பு. ஆத்துமா எங்கேயோ இளைப்பாறுகிறது என்று அடக்க ஆராதனையில் எல்லாரும் சொன்னார்கள், தப்பில்லை. ஆனால் நான் தொட்டுப் பார்த்தது கையை. அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் பவுல் காத்திருக்கச் சொல்கிறார் என்று புரிந்தபோது, ரொம்ப நாள் கழித்து ஒரு வார்த்தை வாயில் வந்தது. எந்த வார்த்தை என்று சொல்ல வேண்டியதில்லை.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டிக்கொள்ளுங்கள். என் பெயரையும் தெருவையும் போட வேண்டாம். மகளுக்குச் சங்கடம். அவளும் மருமகனும் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இப்போது கோர்ட்டு வாசல் மிதிக்க வேண்டாம், மாவட்ட ஆட்சியரே உத்தரவு கொடுக்கிறார், பிள்ளைக்கு எல்லா உரிமையும் உண்டு. வரிசைதான் நீளம், சில வருடம் ஆகும் என்கிறார்கள். தினமும் ராத்திரி போனில் வரிசை நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள். போன வாரம் மருமகன் ஸ்டூல் போட்டு ஏறி, உத்தரத்தில் அவளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கியை ஆட்டிப் பார்த்தார். துரு ஏறியிருக்கிறது. மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.